‘முடிஞ்சிடுச்சு’ என்னும் வினைமுற்று: சாகச கேம்களின் இறுதிக் கட்டம் குறித்து ஓர் இலக்கண ஆய்வு

டிராகனும் சூனியக்காரியும் மந்திர வாளும் உலாவும் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்குகிறவரிடம், அதன் கடைசி மாதங்களில், “வேலை எந்த மட்டில் இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “முடிஞ்சிடுச்சு, சின்னச் சின்ன பக் மட்டும்தான் பாக்கி” என்பார். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே வாக்கியம்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் சற்றுக் கூடியிருக்கும். அவர் புளுகுகிறார் என்று பணம் போட்டவர்கள் நினைக்கிறார்கள். புளுகு அன்று, இலக்கணம் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். (துறையினர் யாரும் ‘கணினி விளையாட்டு’ என்று சொல்வதில்லை. எனவே இனி ‘கேம்’.)

நன்னூலில் பவணந்தி முனிவர் காலம் பிறழ்ந்து வருவதற்கு நான்கு காரணங்களை ஒப்புக்கொள்கிறார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவன், வாசலில் நின்று கூப்பிடும் நண்பனுக்கு “இதோ வந்துட்டேன்” என்று குரல் கொடுப்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறக் கண்டவுடன் “மழை வந்தாச்சு” என்பது தெளிவு. நம் ‘முடிஞ்சிடுச்சு’ இவற்றுள் எதில் அடங்கும்? விரைவில் அடங்காது, விரைவு இருந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. தெளிவு, கேம் உருவாகும் அறைக்குள் எவரிடமும் இல்லை. மிகுதி எனலாம், மிகுந்து கிடப்பது வேலை என்பதால். ஆனால் இயல்பு என்பதே என் துணிபு. மூச்சு விடுவதுபோல் அது தானாக வருகிறது.

மேலைநாட்டாரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். பெல் ஆய்வகத்து டாம் கார்கில் சொன்னதாக ஜான் பென்ட்லி 1985-இல் அச்சேற்றிய விதி ஒன்று உண்டு. நிரலின் முதல் 90 விழுக்காடு, காலத்தின் முதல் 90 விழுக்காட்டைத் தின்னும். மீதமுள்ள 10 விழுக்காடு, இன்னொரு 90 விழுக்காட்டைத் தின்னும். கூட்டினால் 180 வருகிறது. கணக்கு வாத்தியார் தப்பு என்பார். கேம் செய்கிறவர், “மனுஷன் குறைச்சுச் சொல்லிட்டார்” என்பார்.

இறுதிக் கட்டத்துக்குள்ளும் படிநிலைகள் உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை எப்படியோ தட்டுத்தடுமாறி ஆடிவிடலாம் என்றால் ஆல்ஃபா. இனிப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதைச் சரிசெய்வதே வேலை என்று சத்தியம் செய்துகொண்டால் பீட்டா. சத்தியம் செய்த மறுநாள் காலை ஒருவர், “ஒரே ஒரு பேசும் குதிரை மட்டும்...” என்று தொடங்குவார். அடுத்து வருவது ரிலீஸ் கேண்டிடேட். பெயருக்கு ஏற்றபடி இதில் பலர் நின்று தோற்றபின் ஒருவர் வெல்வார். வென்றது கோல்டு ஆகி, வட்டு அச்சடிக்கப் போகும்.

சாகச கேமுக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? பந்தயக் கார் கேமில் கார் ஓடுகிறதா என்று பார்த்தால் பெரும்பகுதி தீர்ந்தது. சாகசத்தில் ஆட்டக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். எடுக்கவோ விடவோ கூடிய பொருள்கள் வெறும் 20 என்று வையுங்கள். அவன் பை இருக்கக்கூடிய நிலைகள் 10,48,576. நிலைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கிச் சோதித்தால், தூங்காமல் கொள்ளாமல் 728 நாள். இது விளக்கு, கயிறு, சாவி அளவிலேயே. இன்னும் டிராகன் வரவில்லை.

1990-இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில் பேக்கரியில் ‘பை’ (pie) என்னும் பண்டம் ஒன்று வாங்கலாம். பசிக்கும்போது அதைத் தின்னவும் செய்யலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் பனிமலையில் எட்டி என்னும் பூதம் வரும்போது அதன் மூஞ்சியில் எறிவதற்கு அந்தப் பைதான் வேண்டும். தின்றவனுக்குக் கதை அங்கேயே முடிந்தது. இது பக் அல்ல, வேண்டுமென்றே வைத்தது. அப்படியானால் சோதிக்கிறவர் எதைப் பிழை என்று எழுதுவார், எதைக் கலை என்று விடுவார்? இந்த ஒன்றைப் பற்றியே தனியாக ஓர் ஆய்வேடு எழுதலாம்.

இத்துறையின் தலைசிறந்த மேற்கோள் ஒரு தேனீ. ஸ்கைரிம் கேம் ஒரு மாட்டு வண்டிப் பயணம் போன்ற எளிய காட்சியோடு தொடங்கும்; மாட்டுக்குப் பதில் குதிரை. அந்த வண்டி சில சமயம் கிடுகிடுவென நடுங்கி ராக்கெட்போல வானத்தில் பாய்ந்தது. எப்போதும் அல்ல, சில சமயம் மட்டும். தொல்லையே அதுதான். காரணத்தை அதில் பணியாற்றிய நேட் பர்க்கிபைல் 2021-இல் வெளியே சொன்னார். மருந்து காய்ச்சத் தேனீயைப் பிடிக்க முடியவில்லை என்று முன்பு ஒரு பக் இருந்தது. அதைச் சரிசெய்தபோது தேனீக்கு மோதும் உடம்பு வந்துவிட்டது. வண்டி மோதலாம், தேனீ அசையாது. வண்டிதான் பறந்தாக வேண்டும். தீர்த்த சிறு பிழைக்குப் பிறந்த பெரும்பிழை என்று இதை வகைப்படுத்துகிறேன்.

கேம் 2011 நவம்பர் 11 அன்று வெளியானது. ‘முடிஞ்சிடுச்சு’ அத்தோடு மெய்யாகியிருக்க வேண்டும். அதே மாதம் குறைகளைக் களைய ஒரு பேட்ச் விட்டார்கள். அதை ஏற்றிய பிறகு சில டிராகன்கள் பின்பக்கமாகப் பறந்தன.

பேட்ச் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1980-இல் அடாரி வெளியிட்ட ‘அட்வென்ச்சர்’ மொத்தமே 4 கிலோபைட். டிராகன்கள் பார்ப்பதற்கு வாத்துபோல் இருக்கும். கேமில் செய்தவர் பெயரைப் போடும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இல்லை. இந்த கேமைச் செய்த வாரன் ராபினெட் யாரிடமும் மூச்சுவிடாமல் ஓர் இரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதிவைத்தார். சாவி, தரையின் நிறத்திலேயே இருந்த ஒற்றைச் சாம்பல் புள்ளி. சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டி அது கடைக்குப் போனது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் கண்டுபிடித்துக் கடிதம் போட்டான். அழிக்க வேண்டுமானால் சிப்பையே புதிதாக வார்க்க வேண்டும், சுமார் 10,000 டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ராபினெட்டைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளவும் வழியில்லை. அவர் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். இவ்வாய்வில் சிக்கிய வினைமுற்றுகளில், சந்தேகத்துக்கிடமில்லாமல் இறந்தகாலம் காட்டியது அந்தப் ‘போயிருந்தார்’ ஒன்றுதான்.