மாதாந்திரப் பரீட்சை

மதுரையில் இன்வெர்ட்டர் பேட்டரியைச் சோதிக்கும் வேலையை மின்வாரியமே இலவசமாகச் செய்து தருகிறது. 'பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மாலை 5 வரை' என்று பேப்பரில் அறிவிப்பு வரும். அன்றைக்குத்தான் ஊருக்கே ரிசல்ட்.

2012-இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனபோது அடித்துப்பிடித்து இன்வெர்ட்டர் வாங்கினோம். பிறகு மாடிப்படிக்கு அடியில் தள்ளி, மேலே பழைய பேப்பரை அடுக்கியாயிற்று. பேட்டரித் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கியதை யார் பார்த்தது?

போன சித்திரையில் கரண்ட் போனதும் ஃபேன் நாலு சுற்றோடு நின்றது. எலக்ட்ரீஷியன் தம்பி மீட்டரை வைத்தார்: 12.6 வோல்ட்.

"நல்லாத்தானப்பா இருக்கு?"

"சும்மா நிக்கிறப்ப எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கும். லோடு குடுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

ஃபேனைப் போட்டார். எண் வழுக்கிக்கொண்டு 10.5-க்குக் கீழே போனது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகுமாம். நம்மூர் வெயிலில் இத்தனை நாள் ஓடியதே மீனாட்சி புண்ணியம்.

"மாசம் ஒருதடவை மெயினை அமத்திட்டு அரைமணி ஓட்டிப் பாருங்கண்ணே."

வீட்டில் சொன்னேன். சீரியல் நேரத்தில் கூடாது என்று உத்தரவு. எந்த நேரம் சீரியல் இல்லை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.