சிரிப்புக்கு வாடகை

கேள்வி: அமெரிக்க ஸ்ட்ரிப் கிளப்புகளில் ஆடும் பெண்களும் ‘வேலையே வெறுத்துப்போச்சு’ என்கிறார்களாமே! ஆட்டமும் பாட்டுமாக இருக்கிற வேலையில் என்ன சலிப்பு?

பதில்: ஆட்டம் கொஞ்சம்தான் சார். மீதியெல்லாம், பிடிக்காத ஆளின் அறுவைக்குப் பிடித்த மாதிரி சிரிப்பது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஷில்டு 1983இல் இதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்றார். கால் வலித்தால் தைலம் தேய்க்கலாம். சிரிப்பு வலித்தால் எங்கே தேய்ப்பது? கணக்கையும் பாருங்கள். பல கிளப்புகளில் சம்பளம் கிடையாது. ஆடுகிறவர்தான் மேடைக்கு வாடகை கட்டுகிறார். டிப்ஸில் பாட்டுப் போடுகிறவருக்கும் பங்கு. கூட்டமில்லாத இரவில் ஹை ஹீல்ஸில் கால்கடுக்க நின்று, கைக்காசையும் விட்டுவிட்டுப் போகிறவரிடம் ‘உற்சாகமாக இரு’ என்றால் கோபம்தான் வரும்.

நாலு நாள் லீவு போட்டால் சரியாகாதா என்பீர்கள். உடம்பு அசதி தீரும். திரும்பி வந்தால் அதே வாடகை. உலக சுகாதார நிறுவனமே 2019இல் இந்தப் பணிச்சோர்வை நோய் என்று சொல்லாமல், பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வகைப்படுத்தியது. நார்த் ஹாலிவுட் ஸ்டார் கார்டன் கிளப்பின் நடனப் பெண்கள் தியானத்துக்குப் போகவில்லை, சங்கத்துக்குப் போனார்கள்: 2023 மே மாத வாக்கு எண்ணிக்கையில் சங்கத்துக்கு ஆதரவாக 17–0! சங்கம் வைத்தால் சலிப்பு ஓடிவிடுமா? ஓடாது. கடை நிலைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை: சான் பிரான்சிஸ்கோவில் பணியாளர்களே 2003இல் கூட்டுறவாக்கிய லஸ்டி லேடி அரங்கும் 2013இல் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பத்து வருஷம், லீவு கேட்க வேண்டிய முதலாளி அவர்களேதான்.