சங்கும் டின்னும்

வீரவநல்லூர் ஆச்சிக்கு வைரஸ் என்ற சொல்லே தெரியாது. தெரிந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. பால் கொடுக்கிற பெண்ணுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் போதும். "ஏட்டி, பிள்ளைய அந்தால தூக்கிட்டுப் போ. காய்ச்சக்காரி பாலு குடிச்சா அதுக்கும் கண்டுரும்லா" என்பாள். அதற்கு அப்பீல் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் சித்திக்குச் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. கைக்குழந்தை அடுத்த தெரு மதினி வீட்டுக்குப் போனது. அங்கே பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுச் சங்கில் புகட்டினார்கள். சங்கைக் கழுவியது கன்னடியன் வாய்க்காலில். மாடும் அதில்தான் குளித்தது, ஊரும் அதில்தான் குளித்தது. பிள்ளைக்கு அம்மை வரவில்லை, வயிற்றுப்போக்கு வந்தது. "தாய்ப்பாலு சூடு இன்னும் எறங்கல" என்றாள் ஆச்சி. வாய்க்காலை யாரும் சந்தேகப்படவில்லை.

இங்கே சித்தி பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள். மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினார்கள், பால் வற்றியது. இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கவும் வழியில்லை. மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் வேலூர் சி.எம்.சி.யில் ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பாலை வற்ற வைக்கிறது என்று 1988இல் எழுதினார்கள். ஆச்சி வைத்தியம் பலித்தது. சித்திக்கு வினையே அதுதான்.

பிறகு நாங்கள் எல்லாரும் படித்தோம். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டம் போட்டபோது, பால் கொடுத்துக்கொண்டிருந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்கும் காய்ச்சல். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு, அதுவும் பகலில் கடிப்பது. ஆனால் பழி விழுந்தது பால் மேல். பால் பவுடர் டின் வாங்க உடனே பைக் கிளம்பியது. பகலில் தூங்கும் பிள்ளைக்குக் கொசுவலை வாங்க ஒரு சைக்கிள்கூடக் கிளம்பவில்லை. "தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது" என்று டின்னிலேயே அச்சிட்டாக வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். டின்னைத் திறக்கிற அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

2021இல் கொரோனா இரண்டாம் அலை. பெருமாள்புரத்தில் இருந்த அண்ணன் மகளுக்கு பாசிட்டிவ். கையில் இரண்டு மாதப் பிள்ளை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மருத்துவ மாநாடே கூடிவிட்டது. துபாய் மாப்பிள்ளை, "ஃபார்முலாவுக்கு ஷிஃப்ட் பண்ணிடுங்க" என்று எழுதினார். ஆச்சியின் "அந்தால தூக்கிட்டுப் போ"தான், பேன்ட் சட்டை போட்டு வந்திருந்தது.

துபாயை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2020 ஏப்ரலில், தொற்றுள்ள தாயையும் பிறந்த குழந்தையையும் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம் என்றது. ஜூலையில் மாற்றிக்கொண்டது. ஆச்சி கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

குழந்தை டாக்டருக்குப் போன் போட்டோம். "நிறுத்தாதீங்கம்மா. கையச் சோப்பு போட்டுக் கழுவுங்க, மாஸ்க் போட்டுக்கிட்டுக் குடுங்க. ஒங்களுக்குக் காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாலயே கிருமி பிள்ளகிட்டப் போயிருக்கும். இப்ப பாலை நிறுத்தினா, அதுல வர்ற எதிர்ப்புச் சக்திதான் நிக்கும்" என்றார். ஃப்ளூவுக்கும் டெங்குவுக்கும்கூடப் பாலை நிறுத்த வேண்டாம் என்பதே பதிலாம். எழுந்து உட்கார முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கச் சொன்னார். பாலாடை என்றால் வேறொன்றுமில்லை, நாகரிகமில்லை என்று நாங்கள் ஒழித்துக்கட்டிய அதே சங்குதான். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, பேர் வைக்கும்போது சீராக வந்த வெள்ளிச் சங்கு. பீரோ சாவி தேட அரை நாள் ஆயிற்று.

எல்லா வைரஸுக்கும் இதே பதில் இல்லை. எச்.ஐ.வி. பாலிலும் பரவும். தாய் விடாமல் மருந்து எடுத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும், ஆனால் அதை ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்து மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். மஞ்சள் காமாலை பி என்றால் பிள்ளை பிறந்ததும் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டுவிட்டுக் கொடுக்கலாம். மார்பில் அக்கிக் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கூடாது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குச் சின்னம்மை கண்டால், பச்சைப் பிள்ளைக்கு அது உயிராபத்து. அப்போது பிரித்து வைக்கச் சொல்வார்கள். ஆச்சிக்கு இந்த ஒன்றில் பாதி மார்க் போடலாம். பாதிதான், ஏனென்றால் மார்பில் கொப்புளம் இல்லையென்றால் பீய்ச்சிய பாலை அப்போதும் கொடுக்கலாம்.

ஆகவே, பால் கொடுக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால் முதல் போன் மருத்துவருக்குப் போகட்டும். குரூப்பில் போடுவதைச் சாயந்தரம் வைத்துக்கொள்ளுங்கள்.