‘பார்க்கலாம்’ அப்பா

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் இறங்கி நூறடி ரோட்டைத் தாண்டி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இவர் அகப்படுவார். நாற்பதைத் தொட்டவர். கழுத்தில் ஒலிம்பியா டெக் பார்க் அடையாள அட்டை, சட்டைப் பையில் ஸ்கூல் வேன் ரசீது. ஏழு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ‘முடியாது’ என்று சொன்னவரில்லை. ‘சரி’ என்று சொன்னதாகவும் சரித்திரம் இல்லை. “பார்க்கலாம்” என்பார். அத்துடன் விஷயம் பரிசீலனைக்குப் போய்விடும்.

சினிமா என்றால் மட்டும் இவர் மகா சூரர். பையன் கைக்குழந்தையாக இருந்தபோதே காசி தியேட்டருக்கு முதல் நாள் இரவுக் காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனவர். திரையில் வில்லனின் ஆட்கள் திசைக்கொருவராகப் பறந்தார்கள். ஸ்பீக்கர் நெஞ்சில் இடித்தது. கிழித்த பேப்பர் மழையாகப் பொழிந்தது. பிள்ளை தோளில் கிடந்து தூங்கியது. “சவுண்டெல்லாம் அவனுக்குப் பழகிடுச்சு” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பூரித்தார்.

அதே மனிதரிடம் ஒரு மார்கழி மாதத்தில் மனைவி கேட்டார்: “ஏங்க, கலாக்ஷேத்ராவில ராமாயண நாட்டிய நாடகம் இருக்காம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா?”

முகம் உடனே ஹைகோர்ட் பெஞ்ச் ஆகிவிட்டது. “எவ்வளவு நேரம்? நடுவுல விடுவாங்களா? பாத்ரூம் எந்தப் பக்கம்?”

அன்று இரவே விசாரணை தொடங்கியது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக ஆக்கினார். முதலாவதான ‘சீதா சுயம்வரம்’ 1955இல் அரங்கேறியது, கடைசியான ‘மகா பட்டாபிஷேகம்’ 1970இல். இதையெல்லாம் படித்து முடித்தபோது மணி பன்னிரண்டு. முதல் நாடகத்துக்கு இசை அமைத்தபோது மைசூர் வாசுதேவாச்சாரியாருக்குத் தொண்ணூறு வயது என்ற செய்தி இவரை ரொம்பவே பாதித்தது. தொண்ணூறு வயதுப் பெரியவர் பொறுமையாக உட்கார்ந்து போட்ட மெட்டை நாலு வயதுப் பையன் பொறுமையாக உட்கார்ந்து கேட்பானா? தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் கேட்டார். “காலையில சொல்றேன்” என்று பதில் வந்தது.

காலையில் எக்ஸெல் ஷீட் தயாராகிவிட்டது. புறப்படும் நேரம், ஹால்டா சிக்னலில் நிற்கும் நேரம், மத்திய கைலாஷில் நிற்கும் நேரம், பையனுக்குப் பசிக்கும் நேரம், தூக்கம் வரும் நேரம் என்று தனித்தனிப் பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘அழுதால்’. அதன் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை.

அடுத்தது ஆலோசனைக் கட்டம். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சானுக்கு போன். “இங்கெல்லாம் இதுக்குன்னே தனி ஷோ போடறாங்க மாமா. ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்காக 2011ல பிராட்வேயில ‘லயன் கிங்’ போட்டாங்க. சவுண்டைக் குறைச்சுடுவாங்க, பிள்ளைங்க எழுந்து நடக்கலாம், பேசலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” இவர் பெருமூச்சு விட்டார். ஒரு சிங்கத்துக்கு இருக்கும் தாராளம் நம் ரசிகர்களுக்கு இருக்குமா?

இரண்டாம் மாடிப் பெரியவரிடம் போனார். கிண்டி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் கும்பகோணத்தில் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியின் ‘தசாவதாரம்’ பார்த்தவர். தூண் பிளந்து நரசிம்மம் வந்ததும் தன் அப்பாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டதை நேற்று நடந்தது போலச் சொன்னார்.

“பயந்துட்டீங்களா சார்?”

“பயந்தேன். மறுநாள் மறுபடி கூட்டிட்டுப் போன்னு அழுதேன். தம்பி, சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில பால சபை ஆரம்பிச்சார். டி.கே. சண்முகம் அதில சேர்ந்தப்போ ஆறு வயசு. எம்.ஜி.ஆரும் சின்னப் பிள்ளையில பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர்தான். பல்லு விழாத பிள்ளைங்க மேடையில நின்னு பாடி நடிச்ச ஊரு இது. உம் பிள்ளை கீழ உட்கார்ந்து பார்க்க மாட்டானா?”

“அவங்களுக்கெல்லாம் மறுநாள் ஸ்கூல் கிடையாது சார்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

வீட்டில் அம்மா இருந்தார். செய்யாற்றுப் பக்கத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்தவர். “ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும் நடக்கும்டா. பிள்ளைங்களை எல்லாம் முன்னாடி மணல்ல உட்கார வெச்சிடுவாங்க. பாதி தூங்கும், பாதி முழிச்சிருக்கும். துகில் உரியறப்போ எழுப்புன்னு சொல்லிட்டுத்தான் நான் படுப்பேன்.”

“பிள்ளை அழுதா?”

“அழுதா என்ன? கட்டியக்காரன் அதையும் ஒரு சிரிப்பா ஆக்கிடுவான்.”

“கலாக்ஷேத்ராவில கட்டியக்காரன் கிடையாதும்மா. எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க.”

இத்தனை பரிசீலனைக்கும் அடியில் கிடந்த சங்கதி அப்போதுதான் வெளியே வந்தது. பிள்ளை தாங்குமா என்பதல்ல இவர் கவலை. முன் வரிசையிலிருந்து ஒரு வெள்ளைத் தலை மெதுவாகத் திரும்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்க்குமே, அதைத் தான் தாங்க வேண்டுமே என்பதுதான்.

இதில் இவரை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. திரும்பிப் பார்ப்பது நம் சபா ரசிகர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் திரும்புகிறவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர் அவர். பாதிக் கச்சேரியில் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, இருமல் மிட்டாயைத் தேடி, காகிதத்தைச் சத்தத்தோடு உரித்து வாயில் போட்டுக்கொள்பவரும் அவர். அவர் செல்போன் சுப்ரபாதம் பாடும்போது நாலு வரிசையும் பொறுத்துக்கொள்ளும். நாலு வயதுப் பிள்ளை “அது யாருப்பா?” என்று கேட்டால் மட்டும் ரசனைக்கு ஊறு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் நடுவே மகள் ஒரு மாற்று யோசனை சொன்னாள். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ‘தி லிட்டில் தியேட்டர்’ குழுவினர் டிசம்பரில் போடும் ஆங்கிலப் பேண்டமைமுக்குத் தோழி போயிருந்தாளாம். பாட்டும் ஆட்டமும் கூத்தும். வில்லன் வந்தால் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போட வேண்டும், அதுதான் அந்த ஆட்டத்தின் வழக்கம். அப்பா இதையும் பரிசீலித்தார். “நம்ம பிள்ளை கத்தலைன்னா?” என்றார். மனைவி எழுந்து சமையலறைக்குப் போனவர், அன்று மாலையே கலாக்ஷேத்ராவுக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டார்.

தீர்ப்பு கைமீறிப் போனதும் அப்பா ஏற்பாட்டில் இறங்கினார். ஹாலில் ஒத்திகை. டிவியில் ஒரு நாட்டிய நாடகத்தை ஓடவிட்டு, விளக்கை அணைத்து, இரண்டு பிள்ளைகளையும் சோபாவில் உட்கார வைத்தார். பத்தாவது நிமிடத்தில் பையன் தலை கீழேயும் கால் மேலேயுமாக சோபாவின் முதுகில் தொங்கினான். மகள் கண் இமைக்காமல் பார்த்தாள். அப்பா மூன்று முறை எழுந்து போய் போனைப் பார்த்துவிட்டு வந்தார். ஒத்திகை முடிவில் பையனுக்கு மட்டும் ‘பெயில்’ போடப்பட்டது.

பாட்டெல்லாம் சமஸ்கிருதம் என்பதால் கதையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நல்ல யோசனை. அன்றைக்கு ‘சூடாமணி பிரதானம்’, அனுமன் சீதையைக் கண்டுவரும் கதை. பாட்டி சொல்லியிருந்தால் குரங்கு கடல் தாண்டுவதிலேயே ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அப்பா சொன்னார்: “ராவணன் வருவான். பயப்படக் கூடாது. பத்துத் தலை இருந்தாலும் பயப்படக் கூடாது. அது ஒரு அங்கிள்தான், வேஷம் போட்டிருக்காரு. பயப்படக் கூடாது, சரியா?” அதுவரை பயத்தைப் பற்றி நினைத்தே பார்க்காத பையன் நிதானமாகக் கேட்டான்: “ராவணன் கடிப்பானா?”

அந்த நாளும் வந்தது. பையில் தண்ணீர், இரண்டு ஜோடி மாற்றுத்துணி, சத்தம் வராத தின்பண்டம் என்று ஆராய்ந்து தேர்ந்த இட்லி, கொசுவத்திப் பட்டை, காதில் வைக்கப் பஞ்சு. வாசலை ஒட்டிய ஓரத்து நாற்காலி. அழுதால் மூன்று விநாடியில் வெளியே பாய்வதற்கு ஒரு கால் ஏற்கெனவே நடைபாதையில்.

விளக்கு அணைந்தது. மேடையின் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்த பாடகர்கள் சுருதி சேர்த்தார்கள். ஜதி கிளம்பியதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தாளம் பெட்டியிலிருந்து வராமல் எதிரே இருக்கும் ஆளின் கையிலிருந்து வருகிறது என்பதை அவன் முதல்முறையாகப் பார்க்கிறான். மிருதங்கக்காரரின் விரலையே பார்த்துக்கொண்டு தன் தொடையில் தட்டினான். அனுமன் வந்து ஒரு துள்ளுத் துள்ளியதும் வாய் திறந்தது. திறந்தது திறந்தபடியே இருந்தது.

பக்கத்தில் அப்பா: “உச்சா வருதா?” ஐந்து நிமிடம் கழித்து, “பசிக்குதா?” ராவணன் நுழைந்ததும், “பயப்படாதே, நான் இருக்கேன்.” பிறகு மறுபடியும், “உச்சா வருதான்னு சொல்லு.”

முன் வரிசை வெள்ளைத் தலை மெதுவாகத் திரும்பியது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது. பிள்ளைகளை அல்ல. “சார், நீங்க கொஞ்சம் வெளியில நின்னு பேசிட்டு வாங்களேன்” என்றது.

இப்போது அப்பா இந்தத் துறையில் நிபுணர். லிஃப்டில் அகப்படும் இளம் தகப்பன்களுக்கெல்லாம் வழி சொல்கிறார்: “நாலு வயசு போதும் பிரதர், தாராளமா கூட்டிட்டுப் போங்க. கதையை முன்னாடியே சொல்லிடணும். வயிறு காலியா இருக்கக் கூடாது. ஓரத்து சீட்டா வாங்கணும். தூங்கினா தூங்கட்டும், அழுதா எழுந்து வந்துடலாம், ஒண்ணும் குடி முழுகிடாது.” எல்லாம் நியாயமான யோசனைதான்; எல்லாம் மனைவி சொன்னதுதான்.

அடுத்த நாடகத்துக்குப் பையன் தானே ஆள் சேர்த்துவிட்டான். அம்மா, அக்கா, பாட்டி, அவன். “அப்பா?” என்று பாட்டி கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அப்பா இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டும் பாட்டி.”