ஏரிக்கு யார் பொறுப்பு? கீழ்பென்னாத்தூர் வட்டார வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: நீர்வடிப்பகுதிக் குழுவுக்கு உறுப்பினர் போடுவது யார்? பி.டி.ஓ.வா, ஊராட்சித் தலைவரா?
– ஒரு விவசாயி, சோமாசிபாடி

இருவரும் இல்லை, நீங்கள்தான். அதாவது உங்கள் ஊர் கிராம சபை. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான மத்திய அரசின் 2008ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டு நெறிமுறையிலேயே இதை எழுதிவிட்டார்கள். குழுவில் குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும். அதில் பாதி இடம் சுயஉதவிக் குழு, பயனாளர் குழு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், நிலமில்லாதவர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு. குழுத் தலைவரையும் கிராம சபைதான் முடிவு செய்கிறது. செயலாளர் சம்பளம் வாங்குபவர். ஊராட்சிச் செயலாளரே இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியாது, தனி ஆள் வேண்டும். பெயர்ப் பட்டியல் எங்கேயோ தயாராகி, கிராம சபையில் கையெழுத்துக்கு மட்டும் வந்தால், எழுந்து நின்று கேளுங்கள்.

கேள்வி: நிலமே இல்லாதவருக்குத் தண்ணீர்க் குழுவில் என்ன வேலை?
– பெயர் வேண்டாம், வேட்டவலம்

வேலை நிறைய இருக்கிறது. நீர்வடிப்பகுதி வேலை ஏரியில் தொடங்குவதில்லை, மேட்டில் தொடங்குகிறது. கரட்டில் விழுகிற மழையை அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, மண்ணை அரிக்கவிடாமல், மெதுவாக ஓடைக்கு இறக்கிவிட வேண்டும். அதற்காகச் சரிவில் குழி வெட்டுவார்கள், கன்று நடுவார்கள், மூன்று நான்கு வருடம் மேய்ச்சலுக்கு விடாதீர்கள் என்பார்கள். அந்த மேய்ச்சலை நம்பி இருப்பது யார்? பத்து ஆடு வைத்திருக்கிற, ஒரு சென்ட் பட்டா கூட இல்லாத குடும்பம். பலன் கீழே கழனி வைத்திருப்பவருக்கு, இழப்பு மேலே ஆடு மேய்க்கிறவருக்கு என்றால் அந்தக் கன்று ஒரு கோடையைத் தாண்டாது. குழுவில் அவரும் உட்கார்ந்தால், இந்தப் பக்கத்தை இந்த வருடம் மூடலாம், அந்தப் பக்கத்தை மேய்ச்சலுக்கு விடலாம், புல்லை அறுத்து எடுத்துப் போகலாம் என்று ஒரு வழி பிறக்கும். எந்த இடத்தில் ஓடை கரையைத் தின்கிறது என்பதும் தினமும் அங்கே நடக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி: பாசன சங்கமும் இதுவும் ஒன்றா?
– வாசகர், மேக்களூர்

வேறு வேறு. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000-இன்படி வருவது. அங்கே நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்குப் பயிர் செய்பவர் ஓட்டுப் போட்டுத் தலைவரையும் உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில் இருக்கிற ஊரில், நாற்று நடுகிற கைக்கு ஓட்டு இல்லாமல் போகிறது. அதனால்தான் நீர்வடிப்பகுதிக் குழுவின் அந்தப் பாதி இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி ஆயிற்றே, எங்களுக்கு ஏது கிராம சபை?
– ஒரு கடைக்காரர், கீழ்பென்னாத்தூர்

கிராம சபை இல்லை, பகுதி சபை உண்டு, ஏரியைப் பற்றி அங்கே கேளுங்கள். அதோடு, ஏரிக்கு வரத்துக்கால் எந்தெந்த ஊராட்சி வழியாக வருகிறது என்று பாருங்கள். அந்த ஊர்க் குழுக்களோடு பேசாமல் ஏரிக்கரையை மட்டும் அழகு செய்தால் தண்ணீர் வராது.

கேள்வி: எதற்கெடுத்தாலும் உத்திரமேரூர் என்கிறார்களே, அதில் இன்றைக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

ஒரு விதி இருக்கிறது, பொன்னான விதி. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகளில், அதாவது ஊரின் பிரிவுகளில், தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு, அதாவது ஏரிக் குழுவுக்கு, ஆறு பேர், பதவி 360 நாள். முந்தைய மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு வாய்ப்பில்லை.

நான் சொல்ல வந்த விதி இதற்கு அடுத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய அப்பா, மகன், மாமனார், மருமகன், தாய்மாமன், அக்காள் தங்கையைக் கட்டியவர், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் யாருமே வர முடியாது. தான் விலகி மைத்துனரை உட்காரவைக்கும் வித்தையை ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அவர்கள் பார்த்துவிட்டார்கள்!

ஆனால் அது பிராமண ஊர்ச் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் தகுதி, பெண்களுக்கு இடமே இல்லை. அந்தத் தகுதி விதிகளை அங்கேயே விட்டுவிட்டு, கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெளிநாட்டில் இப்படி உண்டா?
– வாசகர், செங்கம்

ஸ்பெயினில் வலென்சியா. வியாழன்தோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்காலுக்கு எட்டுப் பேர், விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள். விசாரணை முழுக்க வாய்மொழிதான், அதுவும் ஊர் பார்க்க. யுனெஸ்கோ 2009-இல் இதை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: எங்கள் ஊரில் குழு போட்டதே யாருக்கும் தெரியாது. என்ன செய்யலாம்?
– மகளிர் குழு உறுப்பினர், கீழ்பென்னாத்தூர் ஒன்றியம்

அம்மா, முதலில் கிராம சபைத் தீர்மான நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: தீர்மான எண், தேதி, உறுப்பினர் பட்டியல், வேலை வாரியாகச் செலவு. அடுத்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கும் கிராம சபை உண்டு. தனியாகப் போகாதீர்கள், உங்கள் மகளிர் குழுவோடு போங்கள். செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: சென்னையில் வேலை, ஊர்ப் பாசம் அதிகம். நான் உறுப்பினர் ஆகலாமா?
– ஐ.டி. ஊழியர், சொந்த ஊர் ஆவூர்

வேண்டாம் தம்பி. ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி இரண்டு மணிக்கு ஏரி கோடி போகும். கரையில் நண்டுவளை வழியாகக் கசிவு எடுக்கும். டார்ச்சும் மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடிவருகிறவருக்கு அந்த இடம் போகட்டும். லீவில் வரும்போது குழுவின் கணக்கு நோட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். எழுதியிருக்கிற தடுப்பணையும் மண்கரையும் அந்தச் சர்வே எண்ணில் உண்மையிலேயே நிற்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்து, படம் எடுத்து, அடுத்த கிராம சபைக்குள் ஊரில் இருக்கிற உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.