'போட்டுத் தருதல்' என்னும் வினை: ஃபோட்டோஷாப் 7.0 குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்பது மரபு. களம்: பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள ஒரு ஃப்ளெக்ஸ் கடை. காலம்: என் அக்காள் மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனர் தயாராகும்வரை, அதாவது 'பத்து நிமிஷம் சார்' என்று சொல்லப்பட்ட மூன்றரை மணி நேரம். நிதி நல்கை: தாய்மாமன் என்ற முறையில் நானே.

மொழிச் சான்றிலிருந்து தொடங்குவோம். 'திருட்டு' என்ற சொல் தமிழில் தாராளமாகப் புழங்குகிறது. திருட்டு மணல், திருட்டு தம், திருட்டு விசிடி. 'திருட்டு ஃபோட்டோஷாப்' என்று எவரும் சொல்லி இவ்வாய்வாளர் கேட்டதில்லை. அதை யாரும் வாங்குவதுமில்லை. மானிட்டர் வாங்குவார்கள், மவுஸ் பேடைக்கூட பேரம் பேசி வாங்குவார்கள். ஃபோட்டோஷாப்பை மட்டும் 'போட்டுத் தருவார்கள்'. கோலம் போடுவதும் பந்தல் போடுவதும் சோறு போடுவதும் இதே வினைதான். சோறு போட்டவரிடம் பில் கேட்பது நம் ஊரில் வழக்கமில்லை. குற்ற உணர்வு ஏன் எழவில்லை என்று உளவியலில் துழாவுவோர் இலக்கணத்தில் தேடியிருக்க வேண்டும்.

சட்டத்துக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள் வைத்திருக்கிறது. அவ்வகையில் ஃபோட்டோஷாப்பும் நாவலும் பங்காளிகள். உரிமமில்லாப் படி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழக அரசு 2004-இல் குண்டர் சட்டத்தை வீடியோ திருட்டுக்கும் நீட்டியது. ஆக, படத்தைத் திருடினால் குண்டர். அதே படத்துக்கு ரசிகர் மன்றம் வைக்கும் பேனரை கிராக் ஃபோட்டோஷாப்பில் செய்தால் 'டிசைனர் தம்பி'. அதன்மேல் பாலும் ஊற்றுவார்கள்.

கடையில் இரண்டு கணினிகள். ஒன்றில் 2002-இல் வந்த 7.0, அதன் சீரியல் நம்பர் 'முக்கியம்' என்ற பெயரில் நோட்பேடில் இருக்கிறது. மற்றொன்றில் சிஎஸ்6. இதன் மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய துண்டுச்சீட்டு: 'நெட் போடாதே'. போட்டால் அது தன் பிறந்த வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடும் என்ற அச்சம். எனவே அக்காள் மகளின் படம் என் கைபேசியிலிருந்து கடைக்காரர் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் போய், அங்கிருந்து முன்னறைக் கணினிக்கு ஏறி, பென்டிரைவில் இறங்கி, பின்னறைக்கு வந்து சேர்ந்தது. மூன்றரை மணி நேரத்தில் நாற்பது நிமிடம் இந்த யாத்திரைக்குப் போயிற்று. இலவசத்தின் விலையை நான் கட்டினேன்.

கடைக்கார அண்ணனின் வாதங்களையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. விலை கட்டுப்படியாகாது என்பது முதல் வாதம். 1990-இல் முதல் பதிப்பு வந்தபோதே விலை 895 டாலர். 2013-இல் அதைத் தயாரிக்கும் நிறுவனம் புதிய பதிப்புகளை விற்பதை நிறுத்தி வாடகைக்கு மட்டுமே விடத் தொடங்கியது. பாதியில் காலி செய்வோரிடம் வாங்கும் கட்டணத்தை மறைத்ததாக 2024-இல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. நம் ஊர் வீட்டு அட்வான்ஸ் தகராறை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது வாதம் கொம்பு. பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழைத் தட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொம்பு எங்க வைக்கணும்னே தெரியாதவனுக்கு எதுக்கு சார் காசு?" இதற்கு இவ்வாய்வாளரிடம் பதில் இல்லை.

பதில் இருந்த இடம் வேறு. பெர்க்லி மாணவர்கள் இருவர் 1995-இல் எழுதத் தொடங்கி மறு ஆண்டு வெளியிட்ட ஜிம்ப் என்ற மென்பொருள் அன்றும் இலவசம், இன்றும் இலவசம், முறைப்படி இலவசம். அதைச் சொன்னேன். "ஓசியில குடுக்குறதுல என்ன சார் பெருசா இருந்துடும்?" என்றார் அண்ணன், தாம் ஓசியில் பெற்றதிலிருந்து கண்ணை எடுக்காமல். கிராக்கால் யாருக்கு அடி என்ற கேள்வி இங்கே தெளிவாகிறது. 895 டாலர் கொடுத்திருக்கவே முடியாத அண்ணனிடம் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பில்லை. மாறாக, அவரிடம் தொழில் கற்ற பையன்களின் விரல்களெல்லாம் ஃபோட்டோஷாப்பின் குறுக்குவிசைகளுக்கே பழகிவிட்டன. நாளை சென்னையில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்தால் முதலாளியை அதையே வாடகைக்கு எடுக்கவைப்பார்கள். இலவசமாக இருந்து விலை போகாமல் நின்றது ஜிம்ப்தான்.

பேனர் அச்சில் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு ஒரு போன். அவர் போட்ட காதணி விழா டிசைனை எதிர்த்தெருக் கடை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடித்துவிட்டதாம். முகம் சிவந்துவிட்டது. "ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சுப் பண்ணது சார். அடுத்தவன் உழைப்பைத் திருடித் திங்கிறான் பாருங்க!" அன்றிலிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு மாதிரியின் நடுவிலும் கடைப் பெயரைக் குறுக்காக, பெரிதாக, அரைகுறைத் தெளிவில் போடுகிறார். எதிர்த்தெருப் பையன் அதை ஹீலிங் பிரஷ் கொண்டு துடைத்துவிடுகிறான். அந்த வசதி முதன்முதலாக வந்ததே 7.0-இல்தான், அவன் வைத்திருப்பதும் அதுவே. போட்டுத் தந்தது யார் என்று விசாரித்தேன். அண்ணன்தான்.