செல்போனுக்கும் மானம் கீது

வா நைனா, குந்து. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனுக்கு ரயிலு வர இன்னும் நேரம் கீது. அந்தப் போனைப் பையில வெச்சிட்டு கேளு.

2010-ல எந்திரன் படம் வந்துச்சே, குடும்பத்தோட போனோம். தீப்புடிச்ச எடத்துல குளிச்சுக்கினு இருந்த பொண்ணை சிட்டின்ற ரோபோ தூக்கியாந்து காப்பாத்துது. மேல துணியில்ல. டிவிக்காரங்க சுத்தி நிக்கிறாங்க. வெக்கம் தாங்காம ஓடுன புள்ள வண்டியில அடிபட்டுப் போயிடுச்சு. ஒடம்பு தெரியாம எம்மாம் பதனமா எடுத்துக்கீறாங்க தெரியுமா! சாவுக்கு மட்டும் ஒரு முந்தானை கெடைக்கல.

அப்புறம் சிட்டி கெட்டவனா மாறுது. துப்பாக்கிங்களைப் பந்தாட்டம் சேத்து சுடுது. எத்தினி போலீஸ்காரங்க வுழுந்தாங்க? எண்ணுனியா? அவங்களுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியா? பசங்க விசிலடிச்சாங்க. கோர்ட்டு சிட்டியைக் கழட்டச் சொன்னதும் என் வூட்டுக் கெழவி மூக்கு சிந்துறா. ஏன்டி, போலீஸ்காரனுக்கு ஒரு சொட்டு கெடயாதான்னு கேட்டேன். மொறைச்சா.

2012 காந்தி ஜெயந்தியில இருந்து, படத்துல ஒருத்தன் பீடி பத்த வெச்சாலே கீழ எழுத்து ஓடுது. நூறு பேரைச் சுட்டா? ஓடாது. கோழி மேயுதுன்னு வேலி கட்னவன், எருமை மேயறப்போ திண்ணையில குந்திக்கினு பாத்தானாம்.

2018-ல 2.0 படம் வந்தது இன்னும் தமாசு. செல்போனுங்க கூட்டமா பறந்து வந்து கடைக்காரரு, கம்பெனி மொதலாளி, மந்திரி எல்லாரையும் கொல்லுது. இதுக்கு யாரு மனசு நொந்து மனு குடுத்தாங்கன்ற? செல்போன் கம்பெனிங்க சங்கம்! படம் வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. டவரால கெடுதின்னு தப்பாக் காட்றாங்களாம், சென்சார் குடுத்த சீட்டை வாபஸ் வாங்கணுமாம். டவரு கெடுதியா இல்லியான்னு படிச்சவங்க பேசிக்கட்டும். ஆனா அம்மாம் பேரு செத்ததுக்கு ஒரு கடுதாசி போடலியே? செல்போனோட மானம்தான் பெருசாப் போச்சு.

என் பேரன் காக்களூர் பக்கம் கம்பெனியில கீறான். அங்க நெசமான ரோபோ கீதாம். ஒத்தக் கை, சுத்தி கம்பிக்கூண்டு. கதவை லேசாத் தொறந்தாலே அப்டியே நின்னுடுமாம். யாருடா நிறுத்துறதுன்னேன். "சென்சார் தாத்தா"ன்னான்.

"எந்த சென்சாருடா? சினிமாவுக்கு சீட்டு குடுக்குதே, அதுவா?"

வுழுந்து வுழுந்து சிரிக்கிறான் நைனா. நான் இன்னா தப்பாக் கேட்டேன்?

எழுந்திரு, ரயிலு வந்துட்சி.